கசியும் குடம்: வறட்சியில் பிழைத்த தோட்டங்களின் வரலாறு

வறட்சியின் வரலாறு பெரும்பாலும் ஏரி, கால்வாய், அணை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. சிறு காய்கறித் தோட்டம் கடும் வறட்சியில் எவ்வாறு பிழைத்தது என்ற வினா அதில் அரிதாகவே இடம்பெறுகிறது. அவ்வினாவுக்கு விடை தரும் தொன்மையான எழுத்துச் சான்றுகளுள் ஒன்று சீனத்தில் கிடைக்கிறது.

கி.மு. 1ஆம் நூற்றாண்டில், ஹான் பேரரசர் செங்கின் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்தவர் வேளாண் அறிஞர் ஃபான் ஷெங்ஜி. வெள்ளரிக் குடும்பக் கொடிகளை வளர்க்க அவர் கூறும் முறை எளியது: குழியின் நடுவே ஏறத்தாழ 6 லிட்டர் கொள்ளும் மண்குடத்தை, வாய் தரைமட்டத்தில் இருக்குமாறு புதைக்க வேண்டும், நான்கு புறமும் ஒவ்வொரு விதை ஊன்ற வேண்டும், குடத்தை நீரால் நிரப்பி ஓட்டால் மூட வேண்டும், நீர் குறையும்போதெல்லாம் நிரப்ப வேண்டும். இடையே பயறு விதைத்து அதன் இலையை விற்கலாம் என்றும் அவர் குறிப்பிடுகிறார். அவருடைய நூல் அழிந்துவிட்டது. 6ஆம் நூற்றாண்டில் ஜியா சிசியே தொகுத்த வேளாண் நூலின் மேற்கோள்கள் வழியாகவே இக்குறிப்பு எஞ்சியது.

மெருகு பூசாத மண்குடத்தின் நுண்துளைகளே இம்முறையின் அடிப்படை. சுற்றியுள்ள மண் உலரும்போது குடத்து நீரை ஈர்க்கிறது. ஈரம் நிறைந்ததும் ஈர்ப்பு தளர்கிறது. மேல்மண் உலர்ந்தே இருப்பதால் ஆவியாதலும் களையும் குறைகின்றன.

இந்தியாவில் 1969இல் நிறுவப்பட்ட, கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்தன்மை ஆராய்ச்சி நிறுவனத்தில், ஆர். சி. மண்டல் 1970களில் இம்முறையை ஆய்வுக்கு உட்படுத்தினார். உவர்நீரைக் குடத்தில் ஊற்றிக் காய்கறி விளைவிக்கும் ஆய்வுகளும் அங்கு நடைபெற்றன.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. உப்பும் வண்டலும் நாளடைவில் துளைகளை அடைக்கும். ஒவ்வொரு குடத்தையும் ஒருவர் கையால் நிரப்ப வேண்டும். ஆகவே இது பெருவயலுக்கு ஒவ்வாது. சிறு தோட்டத்துக்கே ஏற்றது. வரி மதிப்பிடும் ஆவணங்களும் பாசனப் பணிகளின் பதிவேடுகளும் இத்தகைய நுட்பத்தைப் பதிய வேண்டிய தேவை இருக்கவில்லை. எனவே அரசு ஆவணங்களை மட்டும் நம்பி எழுதப்படும் வறட்சி வரலாறு, அணையற்ற இடத்தில் மக்கள் செயலற்று இருந்தனர் என்ற தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். குயவரின் சூளையும் நீர் சுமந்தோரின் உழைப்பும் பாசன வரலாற்றின் சான்றுகளாகக் கொள்ளப்பட வேண்டும்.