அப்துல் லத்தீஃப் கண்ட பிரமிடும் குடுமியான்மலைப் பாறையும்

உம்ராவை நிறைவேற்றிவிட்டு கெய்ரோ வழியாக ஊர் திரும்பும் பயணங்கள் இப்போது நம் பகுதியிலும் பெருகியுள்ளன. காலையில் கீஸா பிரமிடுகள், மாலையில் கான் அல்கலீலி கடைத்தெரு என ஒரே நாளில் சுற்றிக் காட்டிவிடுகிறார்கள். அங்கே செல்வோர் மூன்று பெரிய பிரமிடுகளுள் சிறியதன் வடக்கு முகத்தைச் சற்று நின்று நோக்க வேண்டும். மேலிருந்து கீழாக ஒரு பெரும் பிளவு தெரியும். காலம் செய்த சிதைவன்று அது. ஒரு முஸ்லிம் மன்னரின் ஆணையால் நேர்ந்தது.

ஹிஜ்ரி 593இல் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் மகன் அல்மலிக்குல் அஸீஸ் உஸ்மான், அரசவையினர் சிலரின் தூண்டுதலால் பிரமிடை இடிக்க ஆட்களை அனுப்பினார். எட்டு மாதம் அவர்கள் அங்கேயே கூடாரமிட்டு உழைத்தனர். ஒரு நாளைக்கு ஓரிரு கற்களைப் பெயர்ப்பதே பெரும்பாடாயிற்று. பணம் கரைந்தது, பணி கைவிடப்பட்டது.

இதைப் பதிந்து வைத்தவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி. 1162இல் பக்தாதில் பிறந்து, சிறுவயதிலேயே ஹதீஸும் இலக்கணமும் கற்று, பின்னர் மருத்துவத்தில் புகழ்பெற்றவர். இடித்த கொத்தர்களின் தலைவர் ஒருவரைச் சந்தித்து, ஆயிரம் தீனார் கொடுத்தால் ஒரு கல்லையேனும் மீண்டும் அதன் இடத்தில் வைக்க முடியுமா என்று வினவினார். அதைப்போல் பன்மடங்கு கொடுத்தாலும் இயலாது என்று அவர் அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னாராம்.

பெரிய பிரமிடின் உள்ளே நுழைந்து, மூன்றில் இரு பங்கு ஏறியதும் அச்சத்தால் மயங்கித் திரும்பியதையும் அப்துல் லத்தீஃப் மறைக்காமல் எழுதியுள்ளார். கற்களின் மேல் கண்ட எழுத்துகளை எகிப்து முழுவதிலும் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை என்று வருந்துகிறார். பழஞ்சின்னங்கள் காலத்தை அறியவும், வேதங்கள் கூறும் வரலாற்றுக்குச் சான்றாகவும் உதவுகின்றன. ஆகவே அவற்றைக் காக்க வேண்டும் என்பது அவருடைய வாதம்.

படிக்க ஆளில்லாத கல்லெழுத்து நம் வீட்டு வாசலிலும் உண்டு. புதுக்கோட்டையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் உள்ள குடுமியான்மலையில், மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரந்த எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. சுரங்களை நான்கு நான்காகக் கோத்து ஏழு பகுதிகளாக வகுத்த இசைப்பாடம் அது. பண்டார்கர் அதை எபிகிராபியா இண்டிகாவில் பதிப்பித்தார். முதலாம் மகேந்திரவர்மன் இயற்றியது என்று பலர் எழுதிவிட்டனர்; ஆனால் கல்லில் அந்தப் பெயர் இல்லை. உருத்திராசாரியரின் மாணவரான ஓர் அரசர், மாணாக்கரின் நன்மைக்காகச் செய்தது என்றே இறுதியில் உள்ளது. ஓர் ஆசிரியனாக எனக்கு அந்தக் கடைசிச் சொற்களே அரசரின் பெயரைவிட முக்கியமாகப் படுகின்றன. (இசை குறித்த ஃபிக்ஹுச் சட்டம் வேறு பாடம். அல்ஃபாராபி இசையிலக்கணத்துக்கே பெருநூல் எழுதியவர் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன்.)

மத்ரஸா மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லலாமா என்ற பேச்சு எழுந்தபோது, கோயில் இருக்கும் மலைக்கா என்று பெற்றோர் சிலர் தயங்கினர். தபூக் பயணத்தில் ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதியைக் கடக்கையில், அழுதவர்களாகவே அன்றி அங்கே நுழையாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஒருவர் எடுத்துக்காட்டினார். அந்த ஹதீஸ் புகாரியில் உள்ளதுதான். எனினும் அது அல்லாஹ்வின் வேதனை இறங்கிய இடத்தைப் பற்றியது. அதை வைத்து எல்லாப் பழங்கட்டடங்களையும் விலக்குவது பொருந்தாது. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைப் பாருங்கள் என்று அல்அன்ஆம், அர்ரூம் உள்ளிட்ட பல அத்தியாயங்களில் அல்லாஹ் கூறுகிறான். பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்ற கட்டளையும் அதே அல்அன்ஆமில் (6:108) உள்ளது. வழிபாட்டில் பங்கேற்பது வேறு; அறிவதற்காகப் பார்ப்பது வேறு. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் தலைமையில் எகிப்துக்குச் சென்ற ஸஹாபாக்கள் பிரமிடுகளை இடிக்க முற்படவில்லை. அந்த எண்ணம் பிற்காலத்து அரசவையில் தோன்றியது.

குடுமியான்மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. நிலம், வரி, கொடை என்று அன்றைய ஊர்வாழ்க்கையே அவற்றில் அடங்கியுள்ளது. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்ட வேண்டியதில்லை. இசைக் கல்வெட்டு ஒன்றின்முன் அரை மணி நேரம் அமரச் செய்தால் போதும். புதுக்கோட்டையிலிருந்து ஃபஜ்ருக்குப் பின் புறப்பட்டால் லுஹருக்குள் ஊர் திரும்பிவிடலாம்.