குழந்தைக்குத்தான் பணம், ஆனா யாரோட அடையாள அட்டை?

இன்னைக்கு ஒரு ‘இஃப் கண்டிஷன்’ பத்திப் பேசப் போறோம். நம்ம கோட்ல இருக்கிறது இல்ல, ஒரு நாட்டோட சட்டத்துல இருந்தது. அந்த ஒரு வரியால, பசியில இருந்த குழந்தைகளுக்கு வர வேண்டிய பணம் வராமலே போச்சு.

இடம் தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியிலும் தாய்மார்களுக்கு ஒரு பராமரிப்பு உதவித்தொகை இருந்தது. ஆனா கறுப்பினத் தாய்மார்களில் மிகச் சிலருக்குத்தான் அது கிடைத்தது. மண்டேலா ஆட்சிக்கு வந்த பிறகு, ஃப்ரான்சி லண்ட் தலைமையிலான குழு இதை மாற்றச் சொன்னது. அவங்க யோசனை ரொம்ப சிம்பிள்: பணம் குழந்தையைப் பின்தொடரணும். அம்மா வளர்க்கிறாங்களா, பாட்டி வளர்க்கிறாங்களா, முக்கியமில்ல. யார் வளர்க்கிறாங்களோ, அவங்க கைக்குப் போகட்டும். 1998 ஏப்ரலில் திட்டம் தொடங்கியது. 7 வயதுக்கு உட்பட்ட ஏழைக் குழந்தைக்கு மாதம் 100 ராண்ட்.

சின்னத் தொகைதான். ஆனா வேலை செஞ்சுது. குவாசுலு-நட்டால் மாகாணத் தரவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி நீண்ட காலம் இந்தப் பணம் கிடைத்த பிள்ளைகள், வயதுக்கேற்ற உயரத்தில் முன்னேறியிருந்தார்கள். உயரம்னா என்ன? முதல் சில வருஷம் தட்டுல என்ன இருந்துச்சுங்கிறதோட பதிவு.

இப்போ பக்கத்து நாடு மொசாம்பிக்குக்கு வாங்க. 1977 முதல் 1992 வரை அங்கே உள்நாட்டுப் போர். 1980களில் பலர் சிங்கம் திரியும் க்ரூகர் காட்டைக் கடந்து, நடந்தே தென்னாப்பிரிக்காவுக்கு வந்தாங்க. நிறவெறி அரசு இவங்களை அகதியா ஏத்துக்கவே இல்ல. ஒரே மொழி பேசிய சங்கான் மக்களின் கசன்குலு பகுதிதான் இடம் கொடுத்தது. பின்னாளில் பலருக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்தது. பிள்ளைகள் அங்கேயே பிறந்தாங்க.

இங்கேதான் அந்த ‘இஃப் கண்டிஷன்’ வருது. உதவித்தொகை வேணும்னா குழந்தை மட்டுமில்ல, வளர்ப்பவரும் தென்னாப்பிரிக்கக் குடிமகனா இருக்கணும். குழந்தை அந்த மண்ணின் குடிமகன், ஆனா அம்மா மொசாம்பிக்காரி. ரிஜெக்ட்! பணம் குழந்தையைப் பின்தொடரும்னு சொல்லிட்டு, கவுன்டர்ல அம்மாவோட அட்டையைப் பார்த்தாங்க.

சிலர் கோர்ட்டுக்குப் போனாங்க. அதுதான் கோசா வழக்கு. செலவு தாங்காது என்பது அரசின் வாதம். கணக்குப் போட்டுப் பார்த்தால், நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களைச் சேர்ப்பதால் கூடும் செலவு மொத்த உதவித்தொகைச் செலவில் 2 சதவீதத்துக்கும் குறைவு. 2004 மார்ச்சில் அரசமைப்பு நீதிமன்றம் அந்த நிபந்தனையைச் செல்லாது என்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி இவோன் மொகோரோ. அரசமைப்பின் 27ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பை ‘எல்லோருக்கும்’ என்கிறது. ‘குடிமக்களுக்கு’ என்று சொல்லவில்லை. தீர்ப்பின் முக்கிய அடித்தளங்களில் ஒன்று இந்தச் சொல்.

பிறகு வந்த விதிகளில், அங்கீகரிக்கப்பட்ட அகதிகளும் சேர்ந்தார்கள். வயது வரம்பும் படிப்படியாக 18 ஆனது. ஆனா பக் முழுசா ஃபிக்ஸ் ஆகல. தஞ்சம் கேட்டு விண்ணப்பித்து, முடிவுக்குக் காத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பணம் கிடையாது. முடிவு வர வருஷக்கணக்காகலாம்.

தொகை பத்தலங்கிறதும் உண்மைதான். 2024-ல் உதவித்தொகை 530 ராண்ட். ஒரு ஆளோட அடிப்படைச் சாப்பாட்டுக்கு மட்டுமே மாதம் 796 ராண்ட் தேவைன்னு அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறையே கணக்கிட்டது. ஆனா பத்தாத அந்தப் பணமே எலும்பு வளர உதவுதுன்னா, வரிசைக்கு வெளியே நிக்கிற குழந்தை எதை இழக்குதுன்னு யோசிங்க.

ஆறு மாசக் குழந்தையோட விண்ணப்பம் போட்டு, அஞ்சு வருஷம் கழிச்சு ‘நீங்க அகதிதான்’னு சொன்னா, அன்னைக்கு முதல் பணம் வரும். உயரம் வளர வேண்டிய அந்த வருஷங்கள் வராது.