புத்தளத்து முத்தும் குளித்தவர் பெயரும்

கி.பி. 1344-ஆம் ஆண்டில் மாலைத்தீவினின்றும் மதுரைச் சுல்தானின் மஅபர் நாட்டை நோக்கிப் புறப்பட்டு, காற்றினால் திசைதவறிய மரக்கலமொன்று ஈழத்தின் மேற்குக் கரையை அணுகியபோது, அங்கே ஆளும் ஆரியச்சக்கரவர்த்தி கடற்கொள்ளைக் கலங்களை உடையவர் என்றும், அத்துறை வணிகர் அச்சமின்றி இறங்கத்தக்கது அன்று என்றும் மாலுமிகள் தயங்கி நின்றனர். அக்கலத்தில் வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இப்னு பதூதா, தாம் மஅபர் சுல்தானுக்கு உறவினர் என்று சொல்லித் துணிந்து கரையேறினார். மரத்தாலான மதிலும் கொத்தளங்களும் சூழ்ந்த, சிறியதாயினும் அழகிய பட்டினம் என்று அவர் வருணித்த ‘பத்தாலா’வே இன்றைய புத்தளம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு.

மூன்று நாள் அரச விருந்தினராகத் தங்கிய யாத்திரிகர், ஒருநாள் சபைக்குள் நுழைந்தபோது, அரசருக்குரிய கடலிலிருந்து கொண்டுவந்த முத்துக்கள் குவிந்து கிடக்க, உத்தியோகஸ்தர்கள் அவற்றுள் உயர்ந்தவற்றைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தனர். பாரசீக மொழி அறிந்தவரான அவ்வரசர், முத்துக்குளிப்பை வேறு நாட்டில் கண்டதுண்டோ என்று வினவ, பாரசீக வளைகுடாத் தீவுகளில் கண்டதாக இவர் விடை கூறினார். சில முத்துக்களைக் கையிலெடுத்து, இவற்றுக்கு நிகரானவை அங்கே உண்டோ என்று அரசர் மீண்டும் கேட்டார். இவற்றினும் தாழ்ந்தவற்றையே கண்டேன் என்று யாத்திரிகர் சொன்னதும் அரசர் மகிழ்ந்து அவற்றை அவருக்கே பரிசாக அளித்தார். உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணமொன்றில் அகில் தைலம் இருந்ததையும், அதைக் கண்டு தாம் வியந்தபோது அதனினும் பெரியன தம்மிடம் உள்ளன என்று அரசர் உரைத்ததையும் அவர் தம் யாத்திரை நூலில் குறித்துள்ளார்.

அரசரது கையில் முத்தும் மாணிக்கமும் வெறும் செல்வம் அல்ல. கடலும் நிலமும் தமக்கு அடங்கின என்பதற்கும், வந்தவரை வரிசையறிந்து போற்றும் வல்லமை தமக்கு உண்டு என்பதற்கும் அவை சாட்சி. இத்தீவில் அகழ்ந்தெடுக்கும் மாணிக்கங்களுள் நூறு பணமும் அதற்கு மேலும் பெறுமானமுள்ளவற்றை அரசர் விலைகொடுத்து எடுத்துக்கொள்வார் என்றும், அதற்குக் குறைந்தவையே கண்டெடுத்தவர்க்கு உரியன என்றும் அதே நூல் கூறுகிறது. உயர்ந்த கல் உயர்ந்த கையைச் சேர வேண்டும் என்பது அக்கால நியதி.

இந்நியதி வேறு வடிவில் நம் காலத்திலும் நிலவுகிறது. அமெரிக்க நாட்டின் பேஸ்பால் விளையாட்டில், 1922-இல் உலகத் தொடரை வென்ற நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியினருக்கு மோதிரம் வழங்கப்பட்டது முதல், அதற்கு முன் அளித்துவந்த பதக்கங்களின் இடத்தை மோதிரம் படிப்படியாகப் பெற்றது. ஆடுகளத்தில் இறங்காத உரிமையாளரும் நிர்வாகிகளும் அதனைப் பெறுவர். ஆயினும் களத்தில் ஆடியவரும் பெறுவர். அணியின் பெயரும் வென்ற ஆண்டும் அணிபவரின் பெயரும் அதில் பொறிக்கப்படுவதால், ஒரு நிர்வாகியின் பெட்டகத்திலிருந்து பழைய மோதிரமொன்று வெளிப்பட்டாலும், அது எந்த வெற்றிக்குரியது, யார் கையில் இருந்தது என்பதை அறிதல் எளிது. புத்தளத்துச் சபையில் குவிந்த முத்துக்களுக்கோ இத்தகைய எழுத்தில்லை.

அம்முத்தை எடுத்தவர் பட்ட பாடு எத்தகையது என்பதைப் பிற்காலத்து வருணனைகளால் அறிகிறோம். ஒரு படகில் பதின்மர் குளிப்போர் இருப்பர். ஐவர் இறங்க, ஐவர் இளைப்பாறுவர். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி, மூக்கைப் பொத்தி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம் வரை இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிஷ நேரத்துக்குள் கடலடி முத்துப்பாரிலுள்ள சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொண்டு, மேலே கயிறு பிடித்திருப்பவனுக்குச் சைகை காட்டுவர். சுறாமீன் அணுகாதபடி மந்திரம் சொல்லும் கடல்கட்டி கரையில் இருந்தாலன்றி அவர்கள் நீரில் இறங்க மாட்டார்கள்; ஆதலால் அந்நிய அரசாங்கமும் கடல்கட்டிகளைச் சம்பளத்துக்கு அமர்த்த நேர்ந்தது. சிலாபத்துக் கடலிலும், அதனினும் பெருமளவில் வடக்கே சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளிலும் முத்துக்குளிப்புச் சலாபம் கூடியபோது, கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மலையாளக் கரை முதலிய இடங்களிலிருந்தும், அரபு நாட்டிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்து சேர்ந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியின் பிற்பகுதியில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு குளித்தவர்க்கும் என்ற ஏற்பாடு இருந்தது. 1905-இல் பெருவருவாய் கிடைத்த உற்சாகத்தில், 1906-இல் முத்துப்பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்கு லண்டன் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. மறு ஆண்டுக்குப் பின் பார்கள் வறண்டு போக, அக்கம்பெனியும் சில ஆண்டுகளில் கலைந்தது. கம்பெனியின் பெயரும் வருவாய்க் கணக்கும் ஏடுகளில் நின்றன. மூச்சடக்கி இறங்கியவர்களோ வெறும் தொகையாகவே எண்ணப்பட்டனர்.

இதே கரையில், கற்பிட்டியில், 1807-இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834-இல் இலங்கையின் ஊர்களை அகராதி முறையில் தொகுத்து வெளியிட்டதோடு, 1859-இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலால், மறைந்துபோகவிருந்த தமிழ்ப் புலவர் பலரின் பெயரையும் சரிதத்தையும் காத்துத் தந்தார். புலவர்க்குச் செய்த அவ்வுபகாரத்தை முத்துக்குளித்தவர்க்கு ஒருவரும் செய்திலர். அரசரின் மாணிக்கக் கிண்ணம் எங்கே போயிற்று என்று தேடுவதினும், குளித்தவரின் பெயரைத் தேடுவது மேலான கடமை என்பது என் துணிபு. உடப்பு முதல் கற்பிட்டி வரையுள்ள கடற்கரை ஊர்களில் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் காத்துவரும் பழைய ஏடுகளையும், முதியோர் நினைவிலுள்ள குடும்ப வரலாறுகளையும் இக்கரையின் இளைஞர் இப்பொழுதே எழுதி வைக்க முன்வருவாராக. முத்தின் வரலாறு, அதை எடுத்தவரின் பெயர் சேர்ந்த பின்னரே நிறைவுபெறும்.