சூளையும் சிப்பும்: அசெம்பிள்டு கம்ப்யூட்டரின் கதை

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "சரித்திரக் கட்டுரை ஒண்ணு வேணும். ஆனா விருத்தகிரீஸ்வரர் கோயிலைப் பத்தி ஏற்கெனவே மூணு பேர் எழுதிட்டாங்க, நீங்க வேற ஏதாவது பாருங்க" என்று பணித்துவிட்டார்கள். ஆகவே கோயிலை விட்டு, எனக்குத் தெரிந்த வேறொரு சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில், பாகம் பாகமாக வாங்கி, கேம் விளையாடும்படியாக ஒரு கம்ப்யூட்டரைக் கட்டுவது எப்படி என்று நம் தலைமுறை கற்றுக்கொண்ட கதை அது. செராமிக் காலேஜ்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் ஒரு பின்னணி. 1984-ல் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையைக் கொண்டுவரும் வரை, வெளிநாட்டுப் பாகம் இறக்குவதென்றால் லைசென்ஸ், அனுமதி என்று அலைய வேண்டும். 1991-க்குப் பிறகு கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. 1997-ல் உலக வர்த்தக நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. அதன்படி 2005-க்குள் கம்ப்யூட்டர் பாகங்களுக்கான சுங்க வரி படிப்படியாகக் குறைந்து இல்லாமல் போனது. டில்லியில் நேரு பிளேஸ், பம்பாயில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, நமக்கு மவுண்ட் ரோடு ஓரத்து ரிச்சி தெரு. ரேடியோ ஸ்பேர் விற்றுக்கொண்டிருந்த சந்துகள் மதர்போர்டு விற்கத் தொடங்கின. விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் எழும்பூர், அங்கிருந்து ரிச்சி தெரு பக்கம்தான். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுபவர் சீட்டை மடித்து வைத்திருப்பது போல, கொட்டேஷன் சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவோம். கம்பெனி கம்ப்யூட்டரை விட விலை கணிசமாகக் குறையும். ஆனால் எது நல்லது, எது சொத்தை என்று சொல்ல ஆள் கிடையாது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுக்க நம் தலையில்.

இப்போது நம் தொழிலுக்கு வருகிறேன். அந்தக் காலத்து பிராசசரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்; சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில் கனமான ஒரு சில்லு, அடியில் தங்கமுலாம் பூசிய ஊசிகள். 486-ம், தென்னாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த அதே 1993-ல் வந்த முதல் பென்டியமும் அப்படித்தான் இருந்தன. அந்தச் சில்லு வேறொன்றுமில்லை, அலுமினா! நாம் லேபில் அரைத்து, வார்த்து, சுட்ட அதே அலுமினா. செய்முறையும் நமக்கு அந்நியமில்லை. அலுமினாப் பொடியைக் கரைத்து மெல்லிய தாளாக இழுப்பார்கள். பச்சைத் தாளின் மேல் டங்ஸ்டன் பசையால் கம்பிகளை அச்சடிப்பார்கள். பல தாள்களை அடுக்கி அழுத்தி, 1,500 டிகிரிக்கு மேல் ஹைட்ரஜன் கலந்த சூழலில் ஒரே சூட்டில் சுடுவார்கள். ஏன் டங்ஸ்டன்? செம்பு 1,085 டிகிரியிலேயே உருகி ஓடிவிடும். சுடும்போது சரக்கு 15 முதல் 20 சதவீதம் வரை சுருங்கும். அத்தனை சுருக்கத்துக்குப் பிறகும் நூற்றுக்கணக்கான ஊசி முனைகள் தத்தம் இடத்தில் போய் நிற்க வேண்டும். ஒரு கப் சாசரின் சுருக்கத்தைக் கணக்குப் பண்ணவே நாம் பட்ட பாடு தெரியுமல்லவா?

இந்த ஓடு செய்து உலகை ஆண்டவர்களில் முக்கியமானது ஜப்பானின் கியோசெரா. 1959-ல் கியோட்டோ நகரில் கசுவோ இனாமோரி தொடங்கியது. பெயரே கியோட்டோ செராமிக் என்பதன் சுருக்கம்தான். அவர்களுடைய முதல் சரக்கு என்ன தெரியுமா? டெலிவிஷன் பிக்சர் டியூபுக்குள் வைக்கும் சின்ன இன்சுலேட்டர். நம் ஊர் செராமிக் எஸ்டேட்டின் சின்ன யூனிட்டுகளும் இன்சுலேட்டரும் பியூஸ் கேரியரும் செய்தவைதான். அவர்கள் இன்சுலேட்டரிலிருந்து சிப் ஓட்டுக்குப் போனார்கள்; நாம் அகல் விளக்குக்கும் கொலு பொம்மைக்கும் போனோம். பொம்மையைக் குறைத்துச் சொல்லவில்லை, அது பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. இருந்தாலும் இதை நினைக்கும்போது எனக்கு ஒரு சின்ன ஏக்கம் உண்டு.

சரி, பாகம் தேர்வுக்கு வருவோம். 486 காலத்தில் முதல் கண்ணி எஸ்.எக்ஸ்., டி.எக்ஸ். என்ற எழுத்துகளில் இருந்தது. எஸ்.எக்ஸ். விலை குறைவு, ஆனால் தசமக் கணக்குப் போடும் பகுதி வேலை செய்யாது. கடிதம் அடிக்க அது போதும். 1996-ல் குவேக் என்ற விளையாட்டு வந்தபோதுதான் அந்தத் தசமக் கணக்கின் அருமை எல்லோருக்கும் உறைத்தது. சைரிக்ஸ் கம்பெனியின் 6எக்ஸ்86 சிப், ஆபீஸ் வேலையில் பென்டியத்துக்குச் சமமாக ஓடும், விலையும் மலிவு. குவேக்கைப் போட்டாலோ மூச்சு வாங்கியது. சிப்பின் பெட்டியில் போட்டிருந்த எண்ணை நம்பியவர்கள் ஏமாந்தார்கள். எந்த வேலைக்கு வாங்குகிறோமோ அந்த வேலையைப் போட்டுக் காட்டச் சொல்லி வாங்கியவர்கள் பிழைத்தார்கள். நம் பாஷையில் சொன்னால், சாம்பிள் ஓட்டைத் தட்டிப் பார்க்காமல் லோடு எடுக்கக் கூடாது.

அதே 1996-ல் 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ கார்டு வந்தது. ஏற்கெனவே இருக்கும் படக் கார்டோடு ஒரு கேபிள் போட்டு இணைக்க வேண்டிய இன்னொரு கார்டு. விளையாட்டுக்கு மட்டுமே பயன். இதற்குப் போய்த் தனியாகக் காசா என்று பெரியவர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஆனால் கேம் கம்ப்யூட்டரில் பணம் போக வேண்டிய இடம் பிராசசர் அல்ல, படக் கார்டு என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது. இன்றுவரை அது மாறவில்லை.

1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ-வை ஏழைகளின் குதிரை என்றே சொல்லலாம். அதற்குச் சில மாதம் முன் வந்த செலரானில் எல்2 கேஷ் மெமரியே கிடையாது, பேருக்குத்தான் சிப். இதிலோ 128 கிலோபைட் எல்2 கேஷ், அதுவும் முழு வேகத்தில். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 ஆக மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடும். பல சிப்புகள் சலிக்காமல் ஓடின. பாதி விலையில் பெரிய சிப்பின் வேகம்!

இங்கே ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 2000-ம் ஆண்டு. எஸ்டேட்டில் ஒரு யூனிட்டில் சூளை அடுக்கும் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், சீட்டு எடுத்த 28,000 ரூபாயை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பையன் பிளஸ் டூ. "தம்பி, இவன் கேம் விளையாடத்தான் கேக்கறான், எனக்குத் தெரியும். ஆனா நாலு பேரு மாதிரி கத்துக்கணும்ல. இன்னொரு தடவை என்னால சீட்டுப் போட முடியாது, பாத்துச் செய்ங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

அந்த நாளில் கடைகள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தது 810 போர்டு. 1999-ல் வந்த இன்டெல் 810 சிப்செட்டில் படக் கார்டு உள்ளேயே இருக்கும், விலை குறையும். ஆனால் தனிப் படக் கார்டு போடும் ஏ.ஜி.பி. சொருகிடம் அதில் கிடையாது. நாளைக்குப் பணம் வந்தாலும் நல்ல கார்டு போட வழியில்லை. "அண்ணே, இதுல வீட்டுக்கு மாடிப்படியே வைக்கல" என்றேன். அவருக்கு அது உடனே புரிந்தது.

கடைசியில் எழுதிய சீட்டு இது: அந்த ஜூனில் வந்திருந்த ஏ.எம்.டி. டியூரான் 600, ஏ.ஜி.பி. உள்ள போர்டு, 64 எம்.பி. ராம், பழைய சரக்காக ஒரு மலிவு படக் கார்டு, 15 அங்குல மானிட்டர். தனி சவுண்டு கார்டு வேண்டாம், மோடம் வேண்டாம், பளபளக்கும் கேபினட் வேண்டாம். ஒன்றில் மட்டும் கை வைக்கவில்லை, எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டோடு இலவசமாக வருவதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதாக ஒன்று வாங்கினோம். கனம் இருந்தால் உள்ளே டிரான்ஸ்பார்மரும் வெப்பத் தகடும் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். மேலே ஒட்டியிருக்கும் வாட் கணக்குக்கு அர்த்தமே கிடையாது. நெய்வேலி கூப்பிடு தூரத்தில் இருந்தும் நம் ஊரில் சாயங்காலம் டியூப் லைட் கண் சிமிட்டியதை விடுதியில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மின்சாரத்தில் மலிவு எஸ்.எம்.பி.எஸ். வெடித்தால் தான் மட்டும் போகாது, போர்டையும் டிஸ்க்கையும் கூட அழைத்துக்கொண்டு போகும். போதாக்குறைக்கு 1999 முதல் சில வருடங்கள் கோளாறான திரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகம் பூராவும் போர்டுகளில் ஏறி, தலை வீங்கி, ஒழுகி நாசம் செய்தன. இந்த வீட்டு மெஷின் தப்பித்தது. அடுத்த தீபாவளிக்கு அந்தக் காலியிடத்தில் ஜிஃபோர்ஸ் 2 எம்.எக்ஸ். கார்டு ஏறியது. பையன் விளையாடினான், நன்றாகவே விளையாடினான். தெருவில் யார் வீட்டு மெஷின் படுத்தாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். காலேஜ் பீஸில் ஒரு பகுதி அந்த சர்வீஸ் காசில் போனது.

டியூரானைப் பற்றி இன்னொரு வேடிக்கை, இது நம்மவர்கள் ரசிக்க வேண்டியது. அதன் உடம்பும் செராமிக்தான். மேற்பரப்பில் எல்1 என்று குறித்த இடத்தில் குட்டிக் குட்டிப் பாலங்கள். பாக்டரியில் அவற்றை லேசரால் வெட்டி, வேகத்தைப் பூட்டிவிடுவார்கள். சாதாரண எழுதும் பென்சிலால் அந்த வெட்டின் மேல் கோடு போட்டால் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், பூட்டுத் திறந்துவிடும்! 600 சிப்பை 800 வரை ஓட்டியவர்கள் உண்டு. கிளேஸ் போடாத செராமிக் என்பதால்தான் பென்சில் அப்படிப் பிடித்தது. பிஸ்கட் சரக்கின் மேல் பென்சிலால் நம்பர் போட்டு, சூளையிலிருந்து வரும்போது நம்பர் எரிந்து போயிருக்க, எது யாருடைய பீஸ் என்று நாம் முழித்ததை நினைத்துக்கொண்டேன். கூலரை அழுத்தி மாட்டும்போது நடுவில் திறந்து கிடக்கும் சிலிக்கனின் மூலை உடைந்தால் மட்டும் கதை முடிந்தது.

2001 அக்டோபரில் வந்த அத்லான் எக்ஸ்.பி.யோடு ஏ.எம்.டி.யும் செராமிக்கைக் கைவிட்டது. இன்டெல் அதற்கு முன்பே பிளாஸ்டிக் பக்கம் போய்விட்டது. காரணம் நம் பாடப் புத்தகத்திலேயே உண்டு. அலுமினாவின் டைஎலக்ட்ரிக் எண் 9-க்கு மேல், அதாவது சிக்னல் மெதுவாகப் போகும். டங்ஸ்டன் செம்பு அளவு கடத்தாது. பிசின் தாளில் செம்பு போட்டால் வேகமும் உண்டு, மலிவும் உண்டு.

பணம் குறைந்தவன் எப்போது வாங்குவது என்பதும் ஒரு தேர்வுதான். 1993-ல் ஜப்பானில் சிப் ஓட்டுக்கான எபாக்சி பிசின் செய்த ஆலை வெடித்தது, ராம் விலை எகிறியது. 1999 செப்டம்பரில் தைவான் பூகம்பம், மறுபடி ராம். 2011-ல் தாய்லாந்து வெள்ளம், ஹார்டு டிஸ்க். 2021-ல் கிரிப்டோ நாணயம் தோண்டியவர்களும் சிப் பற்றாக்குறையும் சேர்ந்து படக் கார்டையே எட்டாக்கனி ஆக்கினார்கள். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, திரும்பவும் ராம். எங்கோ நடப்பது விருத்தாசலத்துப் பையனின் சீட்டுப் பணத்தில் விடிகிறது.

இப்போது பிள்ளைகள் என்னிடம் கேட்டாலும் சீட்டு அதே வரிசையில்தான் எழுதுகிறேன். படக் கார்டுக்குப் பெரிய பங்கு, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கஞ்சத்தனம் கூடாது, ராமுக்கு ஒரு சொருகிடம் காலியாக, அடுத்த தலைமுறை பிராசசர் ஏறும் சாக்கெட். ராமைப் போர்டோடு பற்றவைத்த லேப்டாப்பைக் காட்டி, "அங்கிள், இதுவும் அதே ஸ்பீடுதானே?" என்கிறார்கள். ஸ்பீடு அதேதான். மாடிப்படி இல்லை.

செராமிக் முழுக்கப் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். இன்றைய படக் கார்டைத் திருப்பிப் பாருங்கள், கடுகு போல நூற்றுக்கணக்கில் ஒட்டியிருப்பவை பேரியம் டைட்டனேட் அடுக்குக் கெபாசிட்டர்கள். அவையும் தாள் இழுத்து, அடுக்கி, சுட்ட சரக்குதான். 2020-ல் ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டுகள் சில விளையாட்டின் நடுவே நின்றபோது, சிப்பின் முதுகில் எந்த வகைக் கெபாசிட்டர் எத்தனை வைத்தார்கள் என்று உலகமே எண்ணிப் பார்த்தது. பிறகு டிரைவர் மாற்றத்தில் நிலைமை சீரானது.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய 486, பென்டியம், டியூரான் ஏதும் கிடந்தால் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். தங்கத்துக்காக அவர்கள் செராமிக் சிப்பைத் தனியாகப் பொறுக்கி எடுப்பார்கள். அதன் மதிப்பு நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சந்திப்புக்கு வரும்போது கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வாருங்கள். லேபின் கண்ணாடி அலமாரியில் பியூஸ் கேரியருக்குப் பக்கத்தில் வைக்கலாம்.