ஐந்நூறாவது யூனிட்டுக்கு அப்பால்

லால்குடியில் எங்கள் பூர்வீக வீட்டுத் திண்ணையின் சுவரில் மின்சார மீட்டர் ஒன்று இருக்கிறது. இரு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கெடுக்க வருபவர், அதனருகே தொங்கும் வெள்ளை அட்டையில் அளவையும் தொகையையும் குறித்துவிட்டுப் போவார். என் தமையனார் அவர் வரும்வரை காத்திருப்பவர் அல்லர். நாள்தோறும் மாலையில், விளக்கேற்றும் வேளைக்குச் சற்று முன்பாக, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மீட்டரைப் பார்ப்பார். அன்றுவரை செலவான யூனிட்டுகளைக் கணக்கிட்டு நாட்காட்டித் தாளில் எழுதுவார். 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் நான் அங்குச் சென்றிருந்த அன்று அவர் எழுதிய எண் 466. முந்திய கணக்கெடுப்பு முடிந்து ஐம்பத்துநான்கு நாள்கள் ஆகியிருந்தன.

"இன்றைக்கு இரவிலிருந்து ஏ.சி. வேண்டாம். ஐந்நூறைத் தாண்டிவிடும்" என்றார் அவர்.

எண்பது வயதைக் கடந்த எங்கள் அன்னையாருக்காகவே அந்த ஏ.சி. வாங்கப்பட்டது. அவரோ மறுசொல் சொல்லவில்லை. "எனக்கு விசிறி போதுமப்பா" என்று கூறிவிட்டுக் கூடத்துத் தரையை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். அக்கினி நட்சத்திரம் இன்னும் கழியாத நாள் அது.

ஐந்நூறு என்னும் அந்த எண் எங்கிருந்து வந்தது? ஒரு வீட்டார் தம் தாயின் உறக்கத்தை நிறுத்துப் பார்க்கும்படி செய்யும் வல்லமை அதற்கு எவ்வாறு வாய்த்தது? மாணவர்களுக்கு அரசர்களின் ஆண்டுகளைச் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டு மின்கட்டணச் சீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டென்பதைச் சொல்வதில்லை. அதனைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்துள்ளேன்.

மின்சாரத்தை விலைக்கு விற்கத் தொடங்கிய நாளிலேயே, அதனை எப்படி அளப்பது என்ற சிக்கலும் தொடங்கிவிட்டது. 1882-இல் நியூயார்க் நகரில் எடிசன் நிறுவிய மின்நிலையம், துத்தநாகத் தகடுகளை ஒரு கரைசலில் அமிழ்த்தி வைத்து, அத்தகடுகளின் எடை எவ்வளவு மாறியது என்பதை நிறுத்துப் பார்த்து வாடிக்கையாளருக்குக் கணக்கெழுதியது. நம் ஊர்ப் பொற்கொல்லர் தராசைப் போல மின்சாரத்துக்கும் ஒரு தராசு! அளவை ஒருவாறு தீர்ந்தது; விலை தீரவில்லை. 1892-இல் இங்கிலாந்தில் ஜான் ஹாப்கின்சன் என்னும் பொறியியல் அறிஞர் ஓர் உண்மையை எடுத்துரைத்தார். நீங்கள் விளக்கைப் போட்டாலும் போடாவிட்டாலும், போடக்கூடும் என்பதற்காகவே மின்நிலையம் எந்நேரமும் ஆயத்தமாக நிற்க வேண்டியிருக்கிறது. ஆகையால் அந்த ஆயத்தத்துக்கு ஒரு விலை, எடுத்துக்கொண்ட மின்சாரத்துக்கு மற்றொரு விலை என இரண்டு பகுதியாகக் கட்டணம் அமைவதே முறை என்றார் அவர். நம் சீட்டுகளில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்த 'நிலைக்கட்டணம்' இந்தக் கருத்தின் வழித்தோன்றலே.

அக்காலத்தில் விற்பவர்களுக்கு மின்சாரம் மிகுதியாகச் செலவாக வேண்டும் என்பதே விருப்பம். எந்திரங்களை நிறுவிவிட்டார்கள், பகலில் அவை பெரும்பாலும் வாளா கிடந்தன. எனவே அதிகம் வாங்குவோருக்கு விலையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். முதல் சில யூனிட்டுகளுக்கு ஒரு விலை, அதற்கு மேல் அதனிலும் குறைவு என்று கட்டணம் இறங்குபடியாக இருந்தது. இன்றைய மாணவர் எவரும் இதனைக் கேட்டால் நகைப்பர். ஆயினும் உலகில் பல நாடுகளில் மின்சாரம் பல தலைமுறைக் காலம் இப்படித்தான் விற்கப்பட்டது.

நம் மாகாணத்தின் கதைக்கு வருவோம். சென்னை மாகாண அரசு 1927-இல் மின்சாரத்துக்கெனத் தனித் துறை கண்டது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் நிலையம் 1937-இலும், பாபநாசம் நிலையம் 1944-இலும் இயங்கத் தொடங்கின. இவற்றுள் மேட்டூரை நினைக்கும்போதெல்லாம் லால்குடிக்காரனாகிய எனக்கு ஒரு வியப்பு உண்டாகும். எங்கள் ஊர் வயல்களுக்குப் பெருவளை வாய்க்காலிலும் அய்யன் வாய்க்காலிலும் வந்து பாயும் காவிரி நீர், அதற்கு முன்னரே மேட்டூரில் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வருகிறது. வாய்க்கால் நீருக்குத் தீர்வை நிலத்தின் பரப்பையும் பயிரையும் பார்த்து விதிக்கப்பட்டது; எத்தனை குடம் பாய்ந்தது என்று எவரும் எண்ணியதில்லை. அதே நீரிலிருந்து பிறந்த மின்சாரத்தை மட்டும் துளித்துளியாக எண்ணுகிறோம்.

1948-ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டத்தின்படி 1957 ஜூலை 1-ஆம் நாள் சென்னை மாநில மின்சார வாரியம் பிறந்தது. ஊர்தோறும் கம்பி சென்றது. கிணறுதோறும் மோட்டார் ஓடிற்று. விலை உயர்ந்தபோது முதலில் கொதித்தெழுந்தவர்கள் உழவர்களே. கோவை வட்டாரத்தில் 1970-இலும் 1972-இலும் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில், யூனிட்டுக்குச் சில பைசா உயர்வை எதிர்த்து உழவர்கள் கிளர்ந்தனர். 1972-இல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரச் சாலைகளில் நிரப்பினர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. இது தனிக் கதை. இங்கு விரிக்க இடமில்லை.

வீட்டுக் கட்டணத்தின் போக்கை மாற்றியது 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி எனலாம். எரிபொருள் விலை பன்மடங்காகவே, 'மிகுதியாகச் செலவழியுங்கள்' என்ற பழைய அழைப்பு பொருளற்றுப் போயிற்று. ஏழை வீட்டின் இன்றியமையாத சிறு செலவுக்குக் குறைந்த விலை, அதற்கு மேல் போகப் போக உயர்ந்த விலை என்னும் ஏறுபடி முறை உலகில் பரவியது. கலிபோர்னியாவில் 1975-இல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்திலும் ஏறுபடியே நிலைபெற்றது.

ஆயினும் நம் படி சாதாரணப் படி அன்று. பொதுவான ஏறுபடியில், ஒரு படியைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமே விலை உயரும். இங்கோ, மேற்படியில் கால் வைத்தவுடன் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து உயர்ந்தது. 2016 மே மாதத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று அரசு அறிவித்த பின்னர் இருந்த கணக்கைப் பாருங்கள். 500 யூனிட்டுக்குள் நின்ற வீட்டுக்கு, இரண்டாம் நூறுக்கு யூனிட் 2 ரூபாய், அடுத்த முந்நூறுக்கு 3 ரூபாய், நிலைக்கட்டணம் 30 ரூபாய். ஆக 1,130 ரூபாய். அந்த வீட்டில் ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆயிற்றென்றால், இரண்டாம் நூறுக்கு 3.50, அடுத்த முந்நூறுக்கு 4.60, கடைசி ஒன்றுக்கு 6.60, நிலைக்கட்டணம் 50 என்று மாறி, மொத்தம் 1,786 ரூபாய் 60 காசு ஆகும். அந்த ஒரு யூனிட்டின் விலை 656 ரூபாய் 60 காசு! ஒரு மின்விசிறி ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் சுழன்றால் ஒரு யூனிட். ஓர் இரவு விசிறியை நிறுத்த மறந்த குற்றத்துக்கு இத்தனை தண்டம்.

கணக்கெடுப்பவர் இரண்டு நாள் பிந்தி வந்தாலும் இதே விளைவுதான். என் தமையனார் நாட்காட்டித் தாளில் எழுதப் பழகியது இந்த ஆண்டுகளில்தான். அவரைப் போல் மீட்டருக்குக் காவல் நின்றவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர்.

பிறகு விலையேற்றக் காலம் வந்தது. மின்பகிர்மானக் கழகத்தின் கடன் ஓர் இலட்சம் கோடி ரூபாயைக் கடந்திருந்தது. நிலக்கரி விலை ஏறியது. உக்ரைன் போர் உலகச் சந்தையைக் கலக்கியது. 2022 ஜூலையில் உயர்வு முன்மொழியப்பட்டது. 1999-இல் அமைந்த ஒழுங்குமுறை ஆணையம் ஆகஸ்டு மாதத்தில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் மக்களின் கருத்தைக் கேட்டது; செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது. வீடுகளுக்கு நிலைக்கட்டணம் நீங்கியது. முதல் நூறு இலவசமாகவே இருந்தது. 500-க்குள் நின்றால் இரண்டாம் நூறுக்கு 2.25, அடுத்த இருநூறுக்கு 4.50, ஐந்தாம் நூறுக்கு 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 400 வரை முழுவதும் 4.50, ஐந்தாம் நூறுக்கு 6, அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய்.

இதனைப் பென்சிலால் கணக்கிட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரு புதுமை புலப்பட்டிருக்கும். 500 யூனிட் எரித்த வீட்டின் கட்டணம் 1,130-லிருந்து 1,725 ஆயிற்று. உயர்வு 595 ரூபாய். 600 எரித்த வீட்டுக்கோ 2,440-லிருந்து 2,750. உயர்வு 310 தான். கோட்டுக்குக் கீழே அடக்கமாக நின்றவர் தலையில் கூடுதல் பாரம். கோட்டைத் தாண்டியவர் தலையில் குறைந்த பாரம்! சிக்கனமாக இருந்த நடுத்தர வீடு இதனை அநீதி என்று கருதினால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் இதே மாற்றத்தினால் கோட்டின் செங்குத்தும் தணிந்தது. புதிய கணக்கில் 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 656-லிருந்து 233 ஆகக் குறைந்துவிட்டது.

ஏறத்தாழ அதே நாள்களில் இங்கிலாந்திலும் வீட்டார் மின்கட்டணத்தைக் குறித்துக் கலங்கிக்கொண்டிருந்தனர். அவர்கள் சிக்கல் வேறு வகை. அங்கு மின்சாரம் விற்கும் நிறுவனங்கள் பல. ஓராண்டுக்கு விலை மாறாத ஒப்பந்தம், சந்தையோடு ஏறி இறங்கும் ஒப்பந்தம் என்று வீட்டாரே தேர்ந்துகொள்ளலாம். 2021-இல் எரிவாயு விலை ஏறியபோது, மலிவாகத் தருவோம் என்ற சிறு நிறுவனங்கள் பல அடுத்தடுத்து நொடித்துப்போயின. சரியாகத் தேர்ந்தோம் என்று மகிழ்ந்திருந்தவர்கள் வேறொரு நிறுவனத்தின் வேறொரு விலைக்கு மாற்றப்பட்டனர். 2022 அக்டோபரில் அரசே தலையிட்டு வீட்டு விலைக்கு வரம்பு கட்ட நேர்ந்தது. அவர்களுக்குத் தேர்வு தாளில். லால்குடியில் எங்களுக்குத் தேர்வு சுவிட்சில். எந்தக் கட்டணத்தைச் செலுத்துவது என்று எங்களை எவரும் கேட்பதில்லை. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதை மட்டும் நாங்களே முடிவு செய்கிறோம். கூரையில் சூரியத் தகடு பதிக்கலாமே என்பீர்கள். 2024 பிப்ரவரியில் மைய அரசு அதற்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. ஆனால் எங்கள் பூர்வீக வீட்டின் கூரை ஓட்டுக் கூரை, ஏ.சி. இருப்பது பின்கட்டில் எடுத்த ஒரே ஓர் அறையில். மேலும் நான் சொல்லும் இரவு அதற்கு முந்தியது.

அந்த இரவில் தமையனாரும் நானும் திண்ணையில் அமர்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்தில் கணக்கிட்டோம். ஏ.சி. இல்லையென்றால் எஞ்சிய ஆறு நாளில் 33 யூனிட் ஆகும், மொத்தம் 499, கட்டணம் 1,719 ரூபாய். இரவுக்கு ஐந்து யூனிட் வீதம் ஏ.சி. ஓடினால் மொத்தம் 529; கட்டணம் 2,182 ரூபாய். வேறுபாடு 463, ஓர் இரவுக்கு ஏறத்தாழ 77 ரூபாய். பழைய கட்டணத்தில் இதே ஆறு இரவுக்கு 844 ரூபாய் கூடியிருக்கும். ஓர் இரவுக்கு 140. அந்தப் பழைய கணக்கு தந்த அச்சத்தையே அவர் இன்னும் சுமந்துகொண்டிருந்தார்.

எழுபத்தேழு ரூபாயும் சிறு தொகை அன்று. ஓய்வூதியத்தில் வாழும் வீட்டில் அது ஒரு நாள் காய்கறி, ஒரு நாள் பால். தமையனார் பத்திரிகையை மடித்தும் விரித்தும் பார்த்தார். "கணக்கில் பிழை இல்லையே?" என்று மறுமுறை கேட்டார். இல்லை என்றேன். சற்று நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் எழுந்து உள்ளே போனார். பின்கட்டிலிருந்து ஏ.சி. இயங்கும் ஓசை கேட்டது.

ஜூன் தொடக்கத்தில் கணக்கெடுத்தபோது வெள்ளை அட்டையில் ஏறிய அளவு 531. தமையனார் 2,198 ரூபாய் செலுத்திவிட்டு, அந்தத் தொகையை நாட்காட்டித் தாளில் எழுதினார். அன்னையார் கூடத்திலிருந்தே, "ஐந்நூறைத் தாண்டிவிட்டதா?" என்று கேட்டாராம். "இல்லையம்மா" என்றாராம் இவர்.