ஆயில் லைட் எப்போது எரிகிறது?

1900களின் தொடக்கத்தில் ஓடிய பல கார்களில், ஓட்டுபவருக்கு எதிரே பலகையில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குள் ஆயில் சொட்டுச் சொட்டாக விழும். ஒன்று சிலிண்டருக்கு, ஒன்று பேரிங்குக்கு என்று ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வழி. சொட்டு எந்த வேகத்தில் விழுகிறது என்று பார்த்து, திருகைத் திருப்பிக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியது ஓட்டுபவரின் வேலை. இன்ஜினுக்கு ஆயில் போகிறதா என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

1974இல் மெட்ராசில், மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஒரு ஒர்க்‌ஷாப்பில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தேன். அங்கேயே ஃபோர்மேனாகி ஓய்வும் பெற்றேன். என் கைக்கு வந்த அம்பாசடரிலும் ஃபியட்டிலும், நம் ஊர்ப்பக்கமே வண்டலூர் வட்டாரத்தில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் கண்ணாடிக் குழாய் ஏது? “ஆயில் லைட் விட்டு விட்டு எரியுதுங்க” என்ற புகார்தான் இருந்தது. அந்தப் புகார் வராத வாரம் குறைவு. கண்ணால் பார்த்த ஆயில் எப்படி ஒரு பட்டாணி அளவு விளக்காகச் சுருங்கியது என்று தெரிந்தால்தான் அந்த விளக்கோடு பேச முடியும் என்பது என் எண்ணம்.

ஆயிலை பம்ப் வைத்து அழுத்தி அனுப்பும் யோசனை காருக்கு முன்பே வந்துவிட்டது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் பெல்லிஸ் அண்ட் மார்காம் என்ற கம்பெனி, தன் நீராவி இன்ஜின்களுக்காக 1890இல் அதற்குக் காப்புரிமை வாங்கியது. காருக்கு அதைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் ஃபிரெடரிக் லான்செஸ்டர். ஆனால் எல்லாரும் உடனே பின்பற்றவில்லை. 1908இல் வந்து 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் டி-யில் ஆயில் பம்ப்பே கிடையாது. சுற்றும் ஃபிளைவீல் வாரியிறைத்த ஆயிலில்தான் இன்ஜின் பிழைத்தது. அடியில் மேலும் கீழுமாக இரண்டு சின்னக் குழாய்கள். மேல்குழாயைத் திறந்து ஆயில் வந்தால் போதிய அளவு இருக்கிறது. கீழ்க்குழாயிலும் வராவிட்டால் ஆபத்து. அதைப் பார்க்க வண்டிக்குக் கீழே குனிந்தே ஆகவேண்டும்.

பம்ப் வந்ததும் ஆயில் இரும்புக்குள் மறைந்துபோனது. அதன் அழுத்தத்தைக் காட்ட, 1849இல் பிரான்சின் யூஜின் பூர்தோன் கண்டுபிடித்த வளைகுழாய் மானி தயாராக இருந்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் வளைந்த குழாய் நிமிரும், முள் நகரும். இன்ஜினிலிருந்து டாஷ்போர்டு வரை மெல்லிய செப்புக்குழாய் இழுத்தால் வேலை முடிந்தது. 1922இல் வந்த ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் காரில் முள்கூட இல்லாமல், அழுத்தம் இருந்தால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பொத்தானை வைத்தார்கள். செப்புக்குழாய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதிர்வில் விரிசல் விட்டால் கொதிக்கிற ஆயில் ஓட்டுபவர் காலில் கொட்டும். 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் கம்பெனி முள்ளை எடுத்துவிட்டு விளக்கைப் போட்டது. செலவு குறைவு, கொட்டவும் கொட்டாது. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். நிறத்தில்கூட ஒற்றுமை இல்லை: ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் அந்த விளக்கு பச்சையாகவே பல வருடம் எரிந்தது. ஆயில் கேன் படமும் சிவப்பு நிறமும் எல்லா நாட்டுக்கும் பொதுவானது பிற்பாடுதான்.

விளக்குக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு ஒயர், ஒரு சுவிட்ச். சுவிட்சுக்குள் ஒரு சவ்வு. அழுத்தம் இல்லாதபோது அது ஒயரை இன்ஜின் இரும்போடு, அதாவது எர்த்தோடு, சேர்த்துவிடும், விளக்கு எரியும். அழுத்தம் வந்து சவ்வைத் தள்ளினால் இணைப்பு விட்டுப்போய் அணையும். பெரும்பாலான சுவிட்சுகளில் இது சதுர அங்குலத்துக்கு 4 முதல் 7 பவுண்டுக்குள் நடக்கும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குப் பத்துப் பவுண்டு வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகள் கைக்கணக்கு. 3,000 சுற்றில் 30 பவுண்டு வேண்டிய இன்ஜின் பத்துக்கு இறங்கினாலும் விளக்கு வாயே திறக்காது. அது பேசும்போது விஷயம் முற்றியிருக்கும். அல்லது ஒன்றுமே இருக்காது, வெறும் ஒயர்க் கோளாறு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் தொழிலின் சாரம்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த மேஸ்திரி, புகார் சொல்பவரிடம் முதலில் கேட்பது “எப்போ எரியுது?” என்றுதான். வளைவில் திரும்பும்போது மினுக்கென்று எரிந்து அணைந்தால் சேம்பரில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், ஆயில் குறைவு. ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப்பின் வாய் காற்றை உறிஞ்சுகிறது. பள்ளம் மேட்டில் குலுங்கும்போது எரிந்தால் ஒயர் எங்கோ உரசுகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெகுநேரம் அணையாமல் நின்றால் ஃபில்டரையும் பம்ப்பையும் பார்க்க வேண்டும். நெடுந்தூரம் ஓடிவந்து சிக்னலில் நிற்கும்போது மினுக்கி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அணைந்தால், அதுதான் யோசிக்கவேண்டியது.

காரணம் இது. பம்ப் தருவது ஓட்டம் மட்டும். அழுத்தம் பிறப்பது, கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் இரண்டு தௌ இடைவெளி வழியே ஆயில் நெருக்கிக்கொண்டு போவதால். ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பேரிங் தேய்ந்து அந்த இடைவெளி அகன்றால், சூட்டில் இளகிய ஆயில் தடையின்றி ஒழுகிப்போகும். பம்ப் மெதுவாகச் சுற்றும் ஐட்லிங்கில் அழுத்தம் நிற்காது. பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்திருந்தாலும், மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு தூசி சிக்கித் திறந்தே நின்றாலும் இதே அறிகுறிதான். அதனால் அறிகுறியை மட்டும் நம்பி மேஸ்திரி இன்ஜினைத் திறக்கவிட்டதில்லை. முதலில் ஸ்டிக்கை உருவி அளவைப் பார்த்து, விரலில் தேய்த்து மோந்து பார்ப்போம். அடுத்து சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு முள்கேஜைத் திருகுவோம்.

அந்தக் கேஜ் புதுப்பேட்டையில், உடைத்த லாரியிலிருந்து கழற்றி வாங்கியது. கார்கள் விளக்குக்கு மாறிய பிறகும் லாரிகளில் முள் இருந்தது நமக்கு நல்லதாகப் போயிற்று. கேஜோடு நாலைந்து பித்தளை இணைப்பிகளும் வேண்டும்: பிரிட்டிஷ் மரையில் அங்குலத்துக்கு 28 சுற்று, அமெரிக்க மரையில் 27. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பலவந்தமாகத் திருகினால் பிளாக்கின் மரை போய்விடும், அப்புறம் அந்த இன்ஜினுக்கு ஆயுள் முழுக்க ஒழுக்கல்.

வேலூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவரின் அம்பாசடர் நினைவில் நிற்கிறது. வேறொரு இடத்தில் கிராங்க் கிரைண்டிங் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், மனிதர் பி.எஃப். பணத்தில் கடன் கேட்டு எழுதிப்போட்டிருந்தார். கேஜ் மாட்டினோம். நன்றாகச் சூடான பிறகும் ஐட்லிங்கில் 18 பவுண்டு, ஓட்டத்தில் 50. பழுதில்லாத இன்ஜின். சுவிட்ச் ஒயர் பிளாக்கின் விளிம்பில் உரசி மேல்தோல் போயிருந்தது. இரண்டு அங்குல உறையும் ஒரு கிளிப்பும் போட்டு அனுப்பினோம். அதே மாதம் ஒரு ஃபியட் டாக்சி. ஓட்டுபவர் அது ஒயர்தான் என்று சாதித்தார். சூட்டில் ஐட்லிங் 3 பவுண்டு. சேம்பரை இறக்கினால் பேரிங்கின் வெள்ளை உலோகம் போய்ச் செம்பு தெரிந்தது. கிராங்கைத் தேய்த்து, பத்து தௌ அண்டர்சைஸ் பேரிங் போட்டோம். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் கிராங்கே மிஞ்சியிருக்காது.

இந்த விளக்கை வாயடைக்கிற வேலையும் நம் சந்தையில் நடந்தது, இன்றும் நடக்கிறது. விற்கும் முன் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். அல்லது தடித்த ஆயிலை ஊற்றிச் சில நாளுக்கு அழுத்தத்தைத் தூக்கி நிறுத்துவார்கள். வாங்குபவரின் வருடக்கணக்கான சேமிப்பைத் திருடுகிற காரியம் இது. இதைத் தொழில் சாமர்த்தியம் என்று சொல்பவர்களோடு நான் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. பழைய கார் வாங்குகிறவர்கள், சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஓடுவதற்கு முன் அந்தச் சிவப்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியாத விளக்கு, எரிகிற விளக்கைவிட மோசம். ஓடும்போது எரிந்து அணையாமல் நின்றால், வீடு பக்கம்தானே என்று கணக்குப் போடாமல் ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்துங்கள்.

பொய் சொன்னது சந்தை மட்டுமில்லை. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஃபோர்டு தன் வண்டிகள் பலவற்றில் முள்ளை வைத்துக்கொண்டே அதன் பின்னால் சாதாரண சுவிட்சை மாட்டியது. 6 பவுண்டைத் தாண்டினால் போதும், முள் நடுவில் போய் அசையாமல் நிற்கும். முள் ஆடுவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் பயப்படக் கூடாது என்பதற்காகச் செய்தது. எனக்கு அதைவிட நேர்மையான பொருளாக நம் பழைய சிவப்பு விளக்குதான் தெரிகிறது.

இப்போது புதுப்பேட்டையில் சில பையன்களுக்கு மாலையில் வேலை சொல்லிக்கொடுக்கிறேன். ஸ்கேனரை மாட்டினால் எல்லாம் தெரியும் என்று வருகிறார்கள். சின்னக் கார்கள் பலவற்றில் இன்றும் சுவிட்ச்தான் இருக்கிறது, அழுத்தத்தை எண்ணாகச் சொல்ல ஸ்கேனருக்கு வழியில்லை. கேஜை மாட்டச் சொல்கிறேன். குளிர்ந்த ஐட்லிங், சூடான ஐட்லிங், சூட்டில் 2,000 சுற்று என்று மூன்று எண்களை எடுத்து, ஜாப் கார்டின் பின்பக்கம் தேதியோடு எழுதி, ஒரு நகலை வண்டிக்காரர் கையில் கொடுக்கச் சொல்கிறேன். அடுத்த வருடம் அவர் எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும், இன்ஜினைத் திறக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் அந்தத் தாளை எடுத்துக் காட்டி, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்கலாம்.