இருபத்துநான்கு பங்கு வீடு

நைல் நதியின் கிழக்குக் கரையில் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் அமைத்த படைக்குடியிருப்பே ஃபுஸ்தாத் நகரின் தொடக்கம். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், கி.பி. 1047-இல் எகிப்துக்கு வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், தொலைவிலிருந்து காண்போருக்கு அந்நகரம் ஒரு மலைபோல் தோன்றும் என்று எழுதினார். ஏழடுக்கு, பதினான்கடுக்கு வீடுகளையும், வெயில் தரையைத் தொடாததால் பகலிலும் விளக்கெரியும் சந்துகளையும் அவர் குறிப்பிடுகிறார். பதினான்கடுக்கு என்பதைச் சற்று ஐயத்துடனேயே ஏற்க வேண்டியுள்ளது. ஆனால், அவர் தரும் வாடகைக் கணக்கு ஒன்று நம்பத்தக்கது. இருபது முழ நீளமும் பன்னிரண்டு முழ அகலமும் உள்ள மனையில் நான்கடுக்கு வீடு; மூன்று தளங்கள் வாடகைக்கு விடப்பட்டிருந்தன; மாத வாடகை 15 தீனார். மேல்தளத்துக்கு மேலும் 5 தீனார் தருவதாகக் குடியிருந்தவர் கேட்டும் உரிமையாளர் இசையவில்லை. தாம் எப்போதாவது அங்கு வர நேரலாம் என்றாராம். அந்த ஓராண்டில் அவர் இருமுறைகூட வரவில்லை என்று நாஸிர் குறித்து வைத்திருக்கிறார்!

அந்நெரிசலை எல்லோரும் வியக்கவில்லை. அதே நூற்றாண்டின் மருத்துவர் இப்னு ரிள்வான், குறுகிய தெருக்களும் உயர்ந்த கட்டடங்களும் காற்றைத் தடுத்து நோயை வளர்க்கின்றன என்று குறைகூறினார். இருந்தும் மக்கள் அங்கேயே வாழ விரும்பினர். வீடு வாங்கவும் விற்கவும் செய்தனர்.

எவ்வாறு வாங்கினர் என்பதை அறியச் சான்று கிடைத்தது எதிர்பாராத ஓர் இடத்தில். ஃபுஸ்தாத்தின் பென் எஸ்ரா யூத ஆலயத்து அறையொன்றில் நூற்றாண்டுக் கணக்கில் குவிந்து கிடந்த ஏடுகளின் பெரும்பகுதியை 1896-97-இல் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். கெனிஸா எனப்படும் அவ்வேடுகளைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதி ஆராய்ந்தவர் கோய்டைன். கிரயப் பத்திரங்கள், வாடகைக் கணக்குகள், மணப்பெண்ணின் சீர்ப்பட்டியல்கள் ஆகியவற்றிலிருந்து அவர் கண்ட ஓர் உண்மை நம் கவனத்துக்குரியது. முழு வீடாக விற்கப்பட்டவற்றைவிடப் பங்குகளாக விற்கப்பட்டவை ஏராளம். ஒரு தீனாருக்கு 24 கீராத் என்பதுபோல் ஒரு வீடும் 24 கீராத்தாகக் கணக்கிடப்பட்டது. ஒருவர் பன்னிரண்டு கீராத் வாங்குவார். இன்னொருவர் இரண்டே கீராத் விற்பார். மகளுக்குச் சீராகச் சில கீராத் செல்லும். பெண்கள் தம் பெயரிலேயே பங்குகளை வைத்திருந்தனர். முஸ்லிமும் கிறிஸ்தவரும் யூதரும் ஒருவர் வீட்டை ஒருவர் ஒட்டி வாழ்ந்தனர். ஒரே வீட்டில் கூட்டுரிமை கொண்டிருந்ததும் உண்டு. பத்திரங்களில் நான்கெல்லை விவரிக்கப்படும் முறை நம் ஊர்ப் பத்திரங்களைப் படித்தவர்களுக்குப் பழக்கமானதே. பத்திரம் எழுதும் அக்கலையை (ஷுரூத்) நூலாக்கியவர்களுள் எகிப்தியரான இமாம் தஹாவீ (மறைவு ஹி. 321) முதன்மையானவர்.

வீட்டைப் பங்கிடலாம், படிக்கட்டையும் கிணற்றையும் முற்றத்தையும் பங்கிட முடியாது. ஒருவர் தம் இரண்டு கீராத்தை யாரோ ஒருவருக்கு விற்றுவிட்டால், மறுநாள் முதல் அந்த அயலார் அதே படியில் ஏறுவார். இங்குதான் ‘ஷுஃப்ஆ’ என்னும் முன்கொள்முதல் உரிமை பொருள் பெறுகிறது. பங்கு விற்கப்படும்போது, வெளியார் தரும் அதே விலையைத் தந்து அதனைப் பெறும் உரிமை அது. பங்கிடப்படாத சொத்தில் இவ்வுரிமை உண்டு. எல்லைகள் வகுக்கப்பட்டு வழிகளும் பிரிந்தபின் இல்லை என்பது ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. மறுபுறம், மதீனாவில் அபூராஃபிஉ (ரலி) தம் இரு அறைகளுக்கு 500 தீனார் தர ஒருவர் முன்வந்திருந்தும், அதைவிடக் குறைந்த விலைக்கு, அதுவும் தவணை முறையில், ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கே விற்றார். அண்டை வீட்டாரே அதிக உரிமையுடையவர் என நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதையே அவர் காரணமாகக் கூறினார்.

இரண்டாம் செய்தியைக் கொண்டு ஹனஃபீ அறிஞர்கள் அண்டை வீட்டாருக்கும் இவ்வுரிமையை வழங்கினர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பங்கிடப்படாத சொத்தின் கூட்டுரிமையாளரோடு நிறுத்தினார்கள். அவர்கள் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து ஹி. 204-இல் மறைந்த ஊர் இதே ஃபுஸ்தாத். பங்குகளாலான நகரில் கூட்டுரிமையாளர் என்பவர் பெரும்பாலும் ஒரே கூரைக்குக் கீழ் வாழ்பவர். ஆகவே, ஏட்டில் குறுகியதாகத் தோன்றும் இவ்வரையறை அங்கு குறுகியதாக இருந்திராது என்றே கருதுகிறேன்.

அண்டை வீட்டாரின் உரிமையைத் தட்டிக்கழிக்கவும் வழி கண்டனர். வீட்டை நூறு பங்காகக் கொண்டு முதலில் ஒரு பங்கை மட்டும் வாங்குவது. அதன்பின் வாங்குபவரே கூட்டுரிமையாளர் ஆகிவிடுவதால், எஞ்சிய தொண்ணூற்றொன்பதில் அண்டை வீட்டார் தலையிட முடியாது. இத்தந்திரத்தை இமாம் புகாரீ (ரஹ்) தம் நூலின் ‘ஹியல்’ பகுதியில் கடிந்து பேசுகிறார்கள்.

ஒப்பந்தச் சுதந்திரத்துக்கு முரணானது என்று கூறி, வழக்காறு நிறுவப்பட்ட இடங்கள் தவிர ஷுஃப்ஆவை ஏற்கச் சென்னை உயர்நீதிமன்றம் 1870-இல் மறுத்தது. 1962-இல் இந்திய உச்சநீதிமன்றமோ அண்டை வீட்டாரின் முன்னுரிமையைச் செல்லாதென்றும், கூட்டுரிமையாளரின் முன்னுரிமையைச் செல்லுமென்றும் தீர்ப்பளித்தது. இமாம் ஷாஃபிஈ வரைந்த எல்லைக்கோடும் ஏறத்தாழ இதுவே. இன்று திருவல்லிக்கேணியில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்குபவரின் பத்திரத்திலும் ‘பிரிபடாத பாகம்’ என்ற சொல் இடம்பெறுகிறது. விற்கும் முன் மாடியில் இருப்பவரைக் கேட்கும் கடப்பாடு மட்டும் அதில் இல்லை.